தேர் நிலைக்கு வரும்வரை

ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காகக் கடல் தாண்டி வந்தவன் நான். கேட்டுப் பதில் வாங்க அரை நிமிஷம் போதும். அதற்காகக் கொழும்பில் தேயிலைக் கம்பெனி துரையிடம் காலில் விழாத குறையாகப் பத்து நாள் லீவு வாங்கியிருந்தேன். யுத்தகாலம். இதை விட்டால் இரண்டு வருஷத்துக்கு லீவுப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

கேட்க வேண்டியது சுகிர்தம் என்ற பெண்ணிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடத்து டீச்சர். தகப்பனார் ஞானமுத்து, ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம். போட்டோ வந்தது, அக்காளுக்குப் பிடித்தது, எனக்கும் பிடித்தது. இத்தோடு கடிதம் எழுதி முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. என் முதல் மனைவி, தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். இருந்த மூன்று வருஷமும் ஊர் நினைப்பிலேயே இருந்து, கடைசியில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பாவத்தை இரண்டாம் தடவை செய்ய எனக்குத் துணிவில்லை. 'கடல் தாண்டி வர உனக்குச் சம்மதமா?' என்று இந்தப் பெண்ணை நேரில் கேட்டு, அவள் வாயாலேயே பதில் வாங்கிக்கொண்டு திரும்புவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலை ராஜபாளையத்தில் இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. அதை மழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கொழும்பு மழை குடையையும் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். இது மேற்கே மலையிலிருந்து யாரோ மெதுவாக ஊதிவிட்டதுபோல் வருகிறது. மீசையில் சற்று உட்காருகிறது. வெயில் வந்ததும் காணாமல் போகிறது. நனைந்தோமா இல்லையா என்று கடைசிவரை தெரிவதில்லை.

நான் தங்கியது வெங்கட்ராஜு வீட்டில். கொழும்பில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தபோது இரண்டு வருஷம் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், நாயிடம் மட்டும் இங்கிலீஷ். "ரண்டி, ரண்டி!" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். வெள்ளை வெளேரென்று, ரோஜா நிற மூக்கோடு இருந்த அந்த நாய் என் பெட்டிமேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அப்புறம் யாரையும் பெட்டியைத் திறக்க விடவில்லை. என்னையும்தான்.

சுடுசோற்றில் பருப்புப் பொடி, நல்லெண்ணெய், பக்கத்தில் புளிச்சக்கீரைத் துவையல். முதல் கவளத்திலேயே எனக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

"என்ன, ஊரு ஞாபகமா?" என்றார் ராஜு.

"இல்லை, உங்கள் மிளகாய் ஞாபகம்."

சாயங்காலம் ஊர் பார்க்கக் கிளம்பினோம். கிழக்கே சஞ்சீவி மலை. மூலிகைக்காகத் தூக்கிக்கொண்டு போன மலையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு என்கிறார்கள். மேற்கே பெரிய மலை, பாதி மேகத்துக்குள் இருந்தது. பஞ்சு வண்டிகள் போன பாதையெல்லாம் வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. மில் சங்கு ஊதியது. வெளியே வந்தவர்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சு. இளவட்டங்கள் எல்லாம் ஒரே பகலில் நரைத்துப்போய் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் பெய்யும் சாரலில் அந்த வெள்ளைத் தலைகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போனபோது, நான் இன்னும் ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடுகிற காலம். பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. கண்டக்டர் கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றி, ஊதி ஊதி வண்டியைக் கிளப்புவார். ஏழெட்டு மைலுக்குள் இரண்டு தடவை நின்றது. முதல் மேட்டிலேயே கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஆம்பளையெல்லாம் செத்த நேரம் எறங்கித் தள்ளுங்க!"

"எம்புட்டுத் தூரம்யா தள்ளணும்?" என்றார் ஒருவர்.

"வண்டிக்கு உசுரு வார மட்டும்!"

தள்ளினோம். கொழும்பு டிராமில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்துப் பழகிய எனக்கு, பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் போவது புது அனுபவம். நிமிர்ந்து பார்த்தபோது வயல்களுக்கு அப்பால் கோபுரம் தெரிந்தது. ஊர் இன்னும் கண்ணில் படவில்லை, கோபுரம் மட்டும் சாரலுக்குள் தனியாக நின்றது. அதற்கப்புறம் எவ்வளவு தூரம் தள்ளினேன் என்று தெரியாது.

கம்பவுண்டர் வீடு தேரோடும் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. சந்தின் வாயிலேயே தேர் நின்றுகொண்டிருந்தது. தேர் என்றால் நான் கொழும்பில் பார்த்த சின்னத் தேர் இல்லை. மரத்தால் ஒரு மலை. சக்கரமே என் தலைக்கு மேல். முதல் நாள் ஆடிப்பூரத்துக்குப் புறப்பட்ட தேர், சாரலில் ஊறிய மண்ணில் சக்கரம் புதைந்து அப்படியே நின்றுவிட்டதாம். ஆண்டாள் மேலே வீற்றிருக்கிறாள். பூஜையும் நைவேத்தியமும் அங்கேயே நடக்கின்றன. பூக்காரியும் வளையல்காரரும் சுற்றிலும் கடை போட்டுவிட்டார்கள். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நழுவித்தான் சந்துக்குள் போக முடிந்தது. மழைநீர் சொட்டும் பூமாலை வாசனை என் கோட்டில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

கம்பவுண்டர் வாய் நிறைய வரவேற்றார். நான் உட்கார்ந்து, அக்காள் சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்த பட்டுச்சேலைப் பொட்டலத்தை எடுத்து, வெற்றிலை பாக்கோடு மேஜைமேல் வைத்தேன். அவ்வளவுதான். மனிதர் தேள் கொட்டினதுபோல் எழுந்து, தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

"இப்ப வேண்டாம், இப்ப வேண்டாம்! தேரு நிலைக்கு வரட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "தேரு தன் நிலைய விட்டுக் கெளம்பிட்டா, திரும்பி வார மட்டும் இங்க யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டாவ. புது அடுப்பு பத்தவைக்கமாட்டாவ. அம்மா தெருவுல நிக்கையில நம்ம வீட்டு விசேசத்தப் பேசுதது மரியாதையில்ல."

"நாம வேதக்காரங்கதானே ஐயா? கிறிஸ்தவங்களுக்கு இதில் என்ன?"

"வேதக்காரந்தான். ஆனா குடியிருக்கது இந்தத் தெருவுல்லா? நாளைக்குத் தேரு அச்சு முறிஞ்சா தெருவுல உள்ளவிய வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாவ. ஆனா பொறவு எம் மொகத்தப் பாக்கையில ஒரு நினைப்பு வரும். அது வரப்படாது. நாப்பது வருசமா இவியளுக்கு மருந்து கலந்து குடுத்தவன் நான்."

"எப்போது நிலைக்கு வரும்?"

"ஒரு வருசம் நாலு நாளு. ஒரு வருசம் பதினோரு நாளு. அது ஆண்டாளம்மா இஷ்டம்."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில். பொட்டலம் மருந்து அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. ஆத்திரமாக வந்தது, ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து ஆத்திரப்பட முடியவில்லை.

அந்தச் சமயத்தில் சுகிர்தம் காபியும், இலையில் பால்கோவாவும் கொண்டுவந்தாள். விரலில் சிவப்பு மை. சிரிப்பு வந்தால் கீழுதட்டைக் கடித்து அடக்கிக்கொள்கிற ஒரு வழக்கம் இருந்தது. அது போட்டோவில் இல்லை. நான் கோவாவை வாயில் வைத்தேன். எங்கள் ஊர்த் தொதல் இனிப்பும் தேங்காய்ப்பாலும் நாக்கில் நின்று வழக்காடும். இது சொல்லாமல் கொள்ளாமல் கரைந்து போய்விடுகிறது. இன்னொரு வாய் வைத்தால்தான் முதல் வாய் நிஜமா என்று தெரியும்.

நான் இருக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றார்கள். தேர்வடம் இழுத்து உள்ளங்கை உரிந்தவர்கள். கம்பவுண்டர் பஞ்சில் டிங்சரை நனைத்து ஒவ்வொருவருக்கும் போட்டார். "வடத்துக் கையி" என்று எனக்குச் சொன்னார். "கோடு பாத்தீங்களா? கட்டைவிரலுக்குக் கீழே குறுக்கால போகும். வேற எந்த வேலையிலயும் இப்படி உரியாது."

வெள்ளிக்கிழமை என் முகத்தைப் பார்த்து ராஜு வண்டி பூட்டினார். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில் ஆறு. மாந்தோப்புகளைத் தாண்டி வண்டி போகப் போக, மேகம் இறங்கிவந்து மாடுகளின் கொம்பைத் தொட்டது. ஆற்றில் கண்ணாடித் தண்ணீர். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கழுத்தளவில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன சொல் என்று பிடிபடவில்லை.

"தேருக்கென்ன காது இருக்கா? பொண்ணக் கூப்பிட்டு மெல்லக் கேட்டுட்டுப் போங்க," என்றார் ராஜு கரையிலிருந்து.

தலையை ஒருமுறை தண்ணீருக்குள் முக்கி எடுத்தேன். என் முதல் மனைவியும் இப்படியொரு மலையடிவாரத்துப் பெண்தான். கடல் தூங்கவிடமாட்டேனென்கிறது, எங்கள் ஊர் ஆறு தூங்கச் சொல்லும் என்பாள். மூன்று வருஷம் அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போதுதான் அந்த ஆற்றுச் சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீருக்குள் உட்கார்ந்து அழுதேன். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் ராஜுவுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. உள்ளே போகவில்லை, என் கால் அந்தப் படியோடு நின்றுகொண்டது. திருமுக்குளத்தின் கரையில் உட்கார்ந்தேன். சாரல் விழும்போது குளத்தில் கோபுரம் கலைந்தது. விட்டதும் மறுபடி கூடிக்கொண்டது. இதைப் பார்த்தே ஒரு மணி நேரம் போயிற்று. கடைவீதியில் விறகடுப்பில் அகலக் கடாயை வைத்து ஒருவர் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவசரம் என்ற ஒன்று இந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. இருந்த அவசரமெல்லாம் நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்ததுதான்.

தேர் நின்ற இடத்திலேயே நின்றது. கம்பவுண்டர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கல்யாணத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றால் மனுஷனுக்கு என்னதான் பேச வரும்? சுகிர்தம்தான் ஆரம்பித்தாள்.

"டிராமுக்குள்ள மழை அடிக்குமா?"

"அடிக்கும். பக்கத்தில் இருப்பவர் குடையும் சொட்டும்."

"கொசு?"

"உண்டு."

தூது வந்தவர்கள் முதல் மனைவியிடம் மறைத்ததையெல்லாம் நான் இவளிடம் சொல்லத் தொடங்கினேன். வேர்வை, சின்ன வீடு, அக்காளின் முன்கோபம் எல்லாம் சொன்னேன். கடல் பார்க்க அழகுதான். மழைக்காலத்தில் மூன்று நாள் ஓயாமல் இரைந்தால் தலைவலி வரும் என்றேன்.

"இரையட்டுமே," என்றாள். "தேரு ஓடுத அன்னைக்கு இந்தத் தெரு போடாத சத்தமா?" பிறகு, "அங்க பொம்பளப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டா?"

"ஏட்டி," என்றார் கம்பவுண்டர், தேர் இருக்கும் பக்கம் கண்ணைக் காட்டி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மோர் எடுக்கப் போய்விட்டாள். என் கண் தானாக அலமாரி உச்சிக்குப் போயிற்று.

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. போட்டோவைப் பார்த்துப் பிடித்தது வேறு. அப்போது 'சம்மதமில்லை' என்று பதில் வந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பேன். இப்போது முடியாது.

கிளம்பும்போது, நாளையாவது நகருமா என்று கேட்டேன். "ஆளு பத்தல," என்றார் கம்பவுண்டர். "வடம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊருக்குப் பாத்தியம். சாரலு விழுந்த ஒடனே பாதிச் சனம் உழுவதுக்கு ஓடிட்டாவ."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெட்டியோடு வந்துவிட்டேன். ராஜு சாயங்காலம் நேரே ஸ்டேஷனுக்கு வருவதாக ஏற்பாடு. கம்பவுண்டரிடம், கோயிலுக்குப் போய் ஆராதனையில் இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். எங்கள் வேதக்கோயிலைத்தான் சொன்னேன்.

"போயிட்டு வாங்க. சுகிர்தமும் இப்பத்தான் பைபிளும் கையுமா அங்கதான் போறா. டிங்சருக்கு ஆளு வரும், நான் இருந்துக்கிடுதேன்."

சத்தியமாகக் கோயிலுக்குத்தான் கிளம்பினேன். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே நழுவி வெளியே வந்தபோது, வடங்கள் தெரு நெடுகக் கிடந்தன. ஓரத்து வடத்தில் ஆட்கள் குறைவு. நான் நின்றேன். சின்ன வயசிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். கோட்டைக் கழற்றி வளையல் கடைக்காரரிடம் கொடுத்தேன்.

"எந்த ஊரு வடம்?" என்றார் வடத்தைப் பிடித்திருந்த ஒரு விவசாயி.

"கொழும்பு."

"கொழும்புக்கு ஏதுவே வடம்?" கூட்டம் சிரித்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீரு கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தவருல்லா? எங்க வன்னியம்பட்டி வடத்துல ஆளு கொறையுது. வாரும், வந்து பிடியும்."

பிடித்தேன். என் தொடை தடிமன் கயிறு, ஈரத்தில் ஊறிக் கனத்தது. தேர்மேல் ஒருவர் துண்டை வீசினார். மேளம் முழங்கியது. பின்னால் சக்கரத்துக்கு நெம்புதடி போட்டார்கள். "கோவிந்தா!" என்று தெருவே எழுந்தது. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் கேட்ட "ஏலேலோ ஐலசா"வைச் சொல்லி இழுத்தேன். தேர் அசையவில்லை. இரண்டாம் தடவையும் அசையவில்லை. மூன்றாம் தடவை என்ன கத்தினேன் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். பூமிக்கு அடியில் ஏதோ முனகியது. கயிறு கைக்குள் உயிர் பெற்றது. நிமிர்ந்து பார்த்தால், அந்த மலை கொடிகளும் தொங்கல்களுமாக மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குக் கனவுதான். வீடுகள் நகர்ந்தன. மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். யார் யாரோ தோளில் சாய்ந்தார்கள், நானும் சாய்ந்தேன். சாரலும் வெயிலும் சேர்ந்து விழுந்தன. எங்கோ பின்னால் பெண்கள் பிடித்த வடத்திலிருந்து குலவை கேட்டது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் தேர் நிலைக்கு வந்து நின்றது. நான் தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் சிரித்தேன்.

கோட்டை மாட்டி, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்கு வந்தேன். சந்தின் வாய் திறந்து கிடந்தது. சுகிர்தம் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். பைபிளை மேஜைமேல் வைத்துவிட்டு முந்தானையால் கையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"வாங்க," என்றார் கம்பவுண்டர். "போதகர் இன்னைக்கு எந்த அதிகாரத்துல பிரசங்கம் பண்ணினாரு?"

நான் சுகிர்தத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஆராதனையில் இருந்தவள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவளும் எதற்கோ காத்திருந்தாள்.

"சங்கீதம்," என்றேன் நான்.

"ரோமர்," என்றாள் அவள், அதே சமயத்தில்.

கம்பவுண்டர் டிங்சர் பாட்டிலைத் திறந்தார். "கையக் காட்டுங்க," என்றார் என்னிடம். காட்டினேன். கட்டைவிரலுக்குக் கீழே குறுக்காகத் தோல் உரிந்து சிவந்திருந்தது. பஞ்சால் ஒற்றினார். உயிர் போய் வந்தது. பிறகு திரும்பாமலே, "ஏட்டி, நீயும் காட்டு," என்றார்.

அவள் முந்தானையைப் பிரித்தாள். சிவப்பு மை பட்ட விரல்களுக்குக் கீழே, இரண்டு உள்ளங்கையிலும் அதே கோடு.

அவர் அந்தக் கைகளைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தார். டிங்சர் போட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாட்டிலை மூடிவிட்டு, வாசலுக்குப் போய் வெறும் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தேரு நிலைக்கு வந்தாச்சு. கேக்க வந்ததக் கேளுங்க."

எரிகிற கைகளை நீட்டியபடியே கேட்டேன். "கடல் தாண்டி வர உங்களுக்குச் சம்மதமா?"

சுகிர்தம் உதட்டைக் கடிக்கவில்லை. நன்றாகவே சிரித்தாள்.

"சம்மதமில்லாமலா நான் போயி இழுத்தேன்?"

கம்பவுண்டர் ஸ்டூலில் ஏறி, அலமாரி உச்சியிலிருந்து பொட்டலத்தை இறக்கி என் முன்னால் வைத்தார். அக்காளின் முடிச்சு. அவிழ்க்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. அவள் பக்கம் தள்ளினேன். அவளுக்கும் மடங்கவில்லை. கடைசியில் கம்பவுண்டர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து அவிழ்த்தார்.